பதினாறு பெட்டி ஸிக்மோவுக்கு ஒரு வண்டி அனுப்பவும்

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கும் சம்பந்தி அம்மாவுக்கும் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

இங்கு என் மனைவி நலம், மகள் நலம், உங்கள் மகன் நலம், உங்கள் மகனுடைய பொம்மைகள் எங்கள் எல்லோரையும் விட நலம். அங்கு உங்கள் முழங்கால் வலியும் சம்பந்தி அம்மாவின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் செய்து கொடுத்த மேல்வரிசைப் பல்செட் இப்போது உறுத்தாமல் இருக்கிறதா? உறுத்தினால் சொல்லுங்கள், அரத்தால் லேசாக ஒரு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும். போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறேனே என்று நினைக்க வேண்டாம். போனில் நான் பேசினால் நீங்கள் 'ம்' என்பீர்கள், மறுபடியும் நான் பேசினால் மறுபடியும் 'ம்' என்பீர்கள், கடைசியில் 'சரி, வெச்சிடட்டுமா' என்பீர்கள். குறையாகச் சொல்லவில்லை. உங்கள் குடும்பத்துக்கே அது ஒரு சுபாவம் என்று இப்போது நன்றாகத் தெரிந்துகொண்டேன். அதனால் நடுவில் 'ம்' விழ இடம் கொடுக்காமல் எல்லாவற்றையும் எழுதியே தீர்த்துவிடுகிறேன்.

விஷயம் இதுதான். நாளை மறுநாள் ஞாயிறு அல்ல, அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், மேலே மூடி போட்ட வண்டி ஒன்றை இங்கே அனுப்பி வைக்கவும். உங்கள் மகனுடைய ஸிக்மோ பொம்மைகள் பதினாறு அட்டைப்பெட்டி இருக்கின்றன. அவற்றைப் பத்திரமாக ஏற்றிக்கொண்டு போய் உங்கள் வீட்டு ஹாலில் அடுக்கிக்கொண்டு நீங்கள் சந்தோஷமாக இருக்கலாம். உங்கள் மகனும் கிளம்புகிறார், அவர் கூடவே என் மகளும் கிளம்பிவிடுவதாகச் சொல்கிறாள். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

உங்களுக்கே தெரியும், அவர்கள் குடியிருந்த வீட்டில் மேல்மாடிக்காரர் குழாய் உடைந்து, இவர்கள் படுக்கையறைச் சுவர் முழுக்க ஊறிப்போய், "ரெண்டே வாரம்ப்பா, சுவர் காய்ஞ்சதும் போயிடுவோம்" என்று என் மகள் சொல்லித்தான் இங்கே வந்தார்கள். அது போன மழைக்காலம். அடுத்த மழைக்காலம் வாசலில் நிற்கிறது. சுவர் காய்ந்ததா என்று கேட்டால் "காயுதுப்பா" என்கிறாள். நான் கேட்பதையே விட்டுவிட்டேன், ஏனென்றால் பெற்ற பெண் வீட்டில் வளைய வருவது எந்தத் தகப்பனுக்குக் கசக்கும்? ஆனால் வந்த அன்று அவர்கள் கொண்டுவந்த துணிமணி இரண்டு பை, பொம்மை பதினாறு பெட்டி. மெத்தை போச்சு, பீரோ போச்சு, என் மகள் ஆசை ஆசையாக வாங்கின சாய்வு நாற்காலி போச்சு, ஸிக்மோ மேல் மட்டும் ஒரு பொட்டுத் தண்ணீர் படவில்லை! தண்ணீர் கொட்டும்போது மாப்பிள்ளை எதை முதலில் தூக்கிக்கொண்டு ஓடினார் என்று என் மகளைக் கேட்டேன். "அதை ஏன்ப்பா கேக்கறீங்க" என்றாள்.

ஸிக்மோ யார் என்று நீங்கள் பெற்ற பிள்ளை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார், அவர்தான் எதையும் சொல்ல மாட்டாரே, அதனால் நான் சொல்கிறேன். டிவியில் வருகிற ஒரு விண்வெளித் தொடரின் கதாநாயகன். நீல நிறம். நட்சத்திரம் நட்சத்திரமாகப் போய், பழுதாகி நிற்கும் விண்கலங்களை ரிப்பேர் செய்து கொடுப்பது அவன் உத்தியோகம். மூக்குக்குக் கீழே ஒரு இரும்பு மூடி போட்டிருப்பான், பேச மாட்டான். பேச வேண்டியதை நெஞ்சில் தட்டிச் சொல்வான். ஒரு தட்டு தட்டினால் 'ஆமாம்', இரண்டு தட்டினால் 'இல்லை', மூன்று தட்டினால் 'நான் இருக்கேன், பயப்படாதே'. இந்த மூன்றே வசனத்தில் பல வருஷமாகத் தொடர் ஓடுகிறது, ஊர் உலகமே பார்க்கிறது. நானும் இரண்டு தடவை உட்கார்ந்து பார்த்தேன், இரண்டு தடவையும் தூங்கிவிட்டேன்.

இந்தத் தட்டுகிற விவகாரம் முதலில் எனக்குத் தெரியாது. ஒரு நாள் எனக்குத் திடீரென்று தலைசுற்றல் வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி டாக்டருக்குப் போன் போட ஓடினாள், மகள் தண்ணீருக்கு ஓடினாள், உங்கள் மகன் என் எதிரில் வந்து நின்று தன் நெஞ்சைத் தானே மூன்று தட்டு தட்டிக்கொண்டார். ஐயோ பாவம், என்னைப் பார்த்த பதற்றத்தில் இவருக்கும் என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்து, சட்டைப்பையில் இருந்த வாயு மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். அவரும் மறு பேச்சில்லாமல் வாங்கி விழுங்கினார். பிறகு அவர் நெஞ்சைத் தட்டும்போதெல்லாம் நான் மாத்திரை கொடுப்பதும் அவர் விழுங்குவதுமாக ஒரு மாதம் போயிற்று. "அது மாத்திரைக்கு இல்ல மாமா" என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? என் மகள்தான் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு விளக்கம் சொன்னாள்.

பொம்மையையாவது பெட்டியிலிருந்து வெளியே எடுக்கிறாரா என்றால் இல்லை. பெட்டியைப் பிரிக்கக் கூடாதாம், பிரித்தால் மதிப்புப் போய்விடுமாம். பிரிக்காத பொம்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டால், பார்க்க வேண்டுமாம். எதை? பெட்டியை! பெட்டிக்குள் இருக்கிறவன் போதாதென்று வெளியில் வேறு, தலையணை உறையில் ஸிக்மோ, சாவிக்கொத்தில் ஸிக்மோ, நான் டீ குடிக்கிற கோப்பையின் அடியில் ஸிக்மோ, கடைசி மடக்குக் குடிக்கும்போது அடியிலிருந்து முறைக்கிறான். குளியலறையில் பல்துலக்கி வைக்கிற குவளையிலும் அவன்தான். இந்தக் குவளையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் சம்பந்தி, பின்னால் வருகிறது.

சுவர் முழுக்க மாப்பிள்ளை கையால் வரைந்த படங்கள். பஸ்ஸுக்கு வரிசையில் நிற்கிற ஸிக்மோ, கொடியில் துணி காயப்போடுகிற ஸிக்மோ, செருப்பு அறுந்துபோய்க் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிற ஸிக்மோ. உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், நன்றாகத்தான் வரைகிறார். லிப்ட் கம்பெனியில் நாள் முழுக்கக் கிரீஸில் கை வைத்துவிட்டு வந்து எப்படித்தான் இத்தனை சன்னமாகக் கோடு இழுக்கிறாரோ என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கும். ஆனால் அந்தச் செருப்புப் படத்தால் வந்த வினையைக் கேளுங்கள். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று குழாய்க்காரரைக் கூப்பிட்டேன். வந்தவர் சுவரைப் பார்த்தார், பையைக் கீழே வைத்தார், மாப்பிள்ளையைப் பார்த்து நெஞ்சில் மூன்று தட்டு தட்டினார். இவர் பதிலுக்கு மூன்று தட்டினார். அப்புறம் இருவரும் எதிர் எதிரே உட்கார்ந்துகொண்டு தட்டினார்கள் பாருங்கள், நான் நடுவில் நின்றுகொண்டு "குழாய், குழாய்" என்று கத்துகிறேன், கேட்பாரில்லை. அவர் போகும்போது படத்தை வாங்கிக்கொண்டு போனார். குழாய் இன்றைக்கும் ஒழுகுகிறது. வெளியாள் ஒருவரிடம் அரை நாள் தட்டத் தெரிந்தவருக்கு மாமனாரிடம் 'சாப்டீங்களா' என்று கேட்கத் தெரியவில்லையே என்று அன்றைக்கே எனக்கு மனசு கொஞ்சம் சுருங்கிவிட்டது. நான் அதை யாரிடமும் சொல்லவில்லை.

இனி நடந்ததைக் கேளுங்கள். இந்தப் பொம்மை செய்கிற கம்பெனி நாளைக்கு நம் ஊர்ப் பொதுமண்டபத்தில் ஒரு கண்காட்சி நடத்துகிறது. ரசிகர்கள் தங்கள் கையாலேயே ஸிக்மோவைச் செய்து கொண்டுவந்து வைக்கலாம். அதில் முதலாவதாக வருவதைக் கம்பெனியே பொம்மையாக அச்சடித்து, பெட்டியின் அடியில் செய்தவர் பெயரையும் போடுமாம். பெட்டியின் அடியில்! அதற்காக உங்கள் மகன் சோறு தண்ணீர் இல்லாமல் உழைத்தார். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்தபோது பல் மருத்துவமனையில் எனக்குக் கொடுத்த பழைய வேலை மேஜை பின்னறையில் இருக்கிறதல்லவா, அதில் பாதியை ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக்கொண்டார். நானும் விட்டுக்கொடுத்தேன். இந்தப் பக்கம் நான் அக்கம்பக்கத்தாரின் உடைந்த பல்செட்டை ஒட்டுவேன், அந்தப் பக்கம் அவர் தானாக இறுகுகிற ஒரு வகைக் களிமண்ணில் மார்பளவுச் சிலை செய்வார். ஓய்வு பெற்ற ஸிக்மோவாம். வயதாகி, விண்வெளி வேலையெல்லாம் முடிந்து, அந்த இரும்பு மூடியைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறானாம். மாலை முழுக்க ஒரே மேஜையில் இருப்போம். நான் பேசுவேன், அவர் 'ம்' என்பார். அடிக்கடி தலையைத் தூக்கி என்னைப் பார்ப்பார், உடனே குனிந்துகொள்வார். ஏதோ கேட்க நினைக்கிறார், கூச்சப்படுகிறார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

புதன்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது சிலை முன்னால் நின்று தாடையைச் சொறிந்துகொண்டே, "மாமா, ஏதோ ஒண்ணு குறையுது. என்னன்னுதான் தெரியல" என்றார். சம்பந்தி, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அது. என்னைக் கேட்டார்! எனக்குத் தலை கால் புரியவில்லை. அவர்கள் எல்லோரும் வெளியே போனதும் சிலையின் மேல் போட்டிருந்த துணியை எடுத்துப் பார்த்தேன். குறைவதா? மூக்குக்குக் கீழே தாடை வரைக்கும் வழவழவென்று மொழுக்கட்டையாக இருந்தது. வாயே இல்லை! பாவம், மற்ற எல்லாவற்றையும் பிரமாதமாகச் செய்தவருக்கு வாய் மட்டும் வரவில்லை, அதுதான் கூச்சம், அதுதான் அடிக்கடி என்னைப் பார்த்த பார்வை. வாழ்நாள் முழுக்கப் பல் கட்டினவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது வாய்விட்டுக் கேட்க முடியாமல் தவித்திருக்கிறார் என்று எனக்கு நெஞ்சே உருகிவிட்டது.

நீங்களே நியாயம் சொல்லுங்கள். பதினாறு பெட்டிப் பொம்மைக்கும் மூக்குக்குக் கீழே மூடி இருக்கிறது. மூடி இருந்தால் உள்ளே வாய் இருக்கும் என்றுதானே எந்த மனுஷனும் நினைப்பான்? அதுவும் போகட்டும், அந்தப் பல்துலக்கிக் குவளை! வாயே இல்லாதவன் படத்தை எவனாவது பல்துலக்கிக் குவளையில் போடுவானா? அதை நம்பி நான் காரியத்தில் இறங்கினேன். ஏனோதானோவென்று செய்யவில்லை. களிமண்ணை அளந்து குடைந்து, உதடு திருத்தி, மெழுகில் அச்செடுத்து, ஈறு நிறப் பசை கலந்து, வயதானவன் என்பதால் பல்லுக்கு லேசாக மஞ்சள் கொடுத்து, முன்பல் ஒன்றில் ஒரு சின்ன விரிசல்கூட வைத்தேன். மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டேன், அந்த வாயைத் தவிர வேறு எதையும் கவனிக்கவில்லை. இத்தனை வருஷ வேலையில் அப்படி ஒரு பல்வரிசை என் கையில் அமைந்ததில்லை. லேசாகச் சிரிக்கிற மாதிரி வைத்து, துணியால் மூடிவிட்டு, குளித்து நல்ல சட்டை போட்டுக்கொண்டு மாப்பிள்ளைக்காகக் காத்திருந்தேன்.

வந்தார். துணியை எடுத்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், இப்போது சிரிப்பார், இப்போது சிரிப்பார் என்று. லிப்ட் பாதியில் நின்றால் உள்ளே இருக்கிறவர்கள் போடுவார்களே, அப்படி ஒரு சத்தம் போட்டார். "யாரைக் கேட்டு வச்சீங்க? யாரைக் கேட்டு வச்சீங்க மாமா? ஸிக்மோவுக்கு வாயே கிடையாது! மூடிக்குள்ள ஒண்ணுமே கிடையாது! உலகத்துக்கே தெரியும், இந்த வீட்டுல உங்க ஒருத்தருக்குத்தான் தெரியல!" என்றார். சமையலறையிலிருந்து என் மனைவி ஓடி வந்தாள், வீட்டுக்குள் திருடன் புகுந்துவிட்டான் என்று. அவளுக்கும் அந்தக் குரல் புதுசுதானே! சரி, எடுத்துவிடுகிறேன் என்று நான் சொன்னேன். சொன்ன பிறகுதான் நினைவு வந்தது, நான் வைத்த பல்லை நானே நினைத்தாலும் எடுக்க முடியாது. எடுத்தால் தாடையோடு வரும்.

அதோடு நின்றிருந்தால்கூட இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது. "ஒரு மாசமா உங்களையே பார்த்துப் பார்த்துச் செஞ்சேனே மாமா!" என்று சொல்லிவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு சிலையைச் சரியாகப் பார்த்தேன். அதன் நெற்றியிலும் ஒரு கண்ணாடி ஏற்றி வைத்திருந்தது. வலது புருவத்தில் என் தழும்பு. காதில் என் காது முடி. குனிந்து குனிந்து வளைந்துபோன என் கழுத்து. நான்தான் சம்பந்தி! உங்கள் மகன் என்னை அச்சு அசலாகச் செய்திருக்கிறார், வாயை மட்டும் விட்டுவிட்டார். இதற்கு என்ன அர்த்தம்? 'இந்த மனுஷன் வாயை மட்டும் மூடிக்கொண்டிருந்தால் நன்றாயிருக்கும்' என்பதைத் தவிர வேறு ஏதாவது அர்த்தம் உண்டா? என் மனைவி சிலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எத்தனை வருஷமா நான் கேட்ட வரம், மாப்பிள்ளை களிமண்ணுல செஞ்சு காட்டிட்டாரு" என்றாள். கட்டினவளே இப்படிச் சொன்னால் நான் யாரிடம் போய் முறையிடுவது?

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "வாயில்லாத மாமனார் வேணும்னா பொம்மைக் கடையில வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதுதான். என் மகள் வேலையிலிருந்து வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சுவர் காய்ஞ்சு ரொம்ப நாளாச்சுப்பா. உங்களைத் தனியா விட மனசில்லாம நாங்கதான் சொல்லாம இருந்தோம். இனிமே கிளம்பறோம்" என்றாள். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. உங்கள் வீடு மாதிரியே ஆகிவிட்டது. மேஜையில் இரண்டு நாளாக நான் மட்டும் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன், அந்தப் பக்கம் சிலை என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறது. போகிறவர்கள் போகட்டும், நான் யார் காலையும் பிடிக்கப் போவதில்லை. எனக்கு வேண்டியது ஒரு வண்டி, அவ்வளவுதான். ஓட்டுநர் பேசுகிறவராக இருந்தால் நல்லது.

உங்கள் மகன் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒரே ஒரு தடவை சிரித்தார். அந்தப் பல்வரிசையைப் பார்த்து மயங்கித்தான் நான் பெண்ணைக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்தப் பல்லை நான் பார்க்கவே இல்லை என்பதையும் இந்தச் சமயத்தில் உங்களுக்குத் தெரியப்படுத்திக்கொள்கிறேன். சம்பந்தி அம்மா வெந்நீர் குடிக்கட்டும், நீங்கள் மாடிப்படி ஏற வேண்டாம், பல்செட்டை ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட மறக்க வேண்டாம். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கமும் சின்னவர்களுக்கு என் ஆசியும்.

இப்படிக்கு,
உங்கள் மேல் எந்த வருத்தமும் இல்லாத,
ஆனால் மற்ற எல்லாவற்றின் மேலும் வருத்தமுள்ள,
சம்பந்தி.

பின்குறிப்பு: மேலே இருப்பதை நேற்று எழுதினேன். தபால்தலை இல்லாததால் போடவில்லை. வண்டி அனுப்ப வேண்டாம். மேலே இருப்பதைப் படித்ததுமே யாரிடமாவது சொல்லி வைத்திருந்தால் தயவுசெய்து வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். கிழித்துப் போட்டிருப்பேன், இவ்வளவு எழுதிக் கை வலித்ததை நினைத்து அப்படியே அனுப்புகிறேன்.

இன்று காலை மாப்பிள்ளை சிலையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு கிளம்பினார். கீழே போட்டு உடைத்துவிடப் போகிறாரே என்றுதான் நானும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு போனேன், வேறு காரணம் இல்லை. மண்டபத்தில் அதை வைத்ததும் கூட்டம் கூடிவிட்டது. ஒருத்தர் விடாமல் அதிர்ச்சி. "வாய் இருக்கே! ஸிக்மோவுக்கு வாய் இருக்கே!" என்று ஆளாளுக்குக் கத்துகிறார்கள். நம் குழாய்க்காரர் இரண்டு தட்டு தட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நடுவர் அம்மா வந்து, வாய் வைத்தால் போட்டியில் சேர்க்க முடியாது, எதற்காக வைத்தீர்கள் என்று கேட்டார். என்னைக் கை காட்டிவிடுவார் என்று நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். உங்கள் மகன் பேசினார் சம்பந்தி! அத்தனை பேர் முன்னால்! "வேலையில இருந்த வரைக்கும் அவன் பேசல. ரிட்டயர் ஆகி வீட்டுக்கு வந்ததும் பேச ஆரம்பிச்சுட்டான். இப்ப நிறுத்த மாட்டேங்கறான். எங்க வீட்டுல அப்படித்தான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு யாரோ தூணுக்குப் பின்னால் என்னைப் பார்த்துவிட்டு, சிலையைப் பார்த்துவிட்டு, மறுபடி என்னைப் பார்த்தார்கள். அப்புறம் சிலையை விட்டுவிட்டு என்னோடு படம் எடுத்துக்கொள்ள வரிசையில் நின்றார்கள்.

முதலாவதாக வந்தது கம்பளி நூலில் பின்னிய ஒரு ஸிக்மோ. பெட்டியின் அடியில் அதைப் பின்னினவர் பெயர்தான் வரும். திரும்பி வரும்போது, "என்னாலதான் மாப்பிள்ளை உங்க பேர் போச்சு" என்றேன். சிலையைக் கொஞ்சம் இறக்கி வைத்துவிட்டுக் கையை உதறிக்கொண்டார். அப்புறம், "வாய் இல்லாதப்ப அது நீங்களாவே தெரியல மாமா. குறையுது குறையுதுன்னேனே, அதுதான்" என்றார். இது என்னைப் புகழ்ந்ததா, வைததா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. உங்கள் பிள்ளையின் பேச்சு உங்களுக்குப் பழக்கம் என்பதால் உங்களைக் கேட்கிறேன்.

சிலை பழையபடி மேஜையில் அதன் இடத்தில் இருக்கிறது. பெட்டிகளைக் கட்டப் போன என் மகளிடம், "சுவர் ஒரு பக்கம் இன்னும் ஈரமாத்தான் இருக்கு" என்று மாப்பிள்ளை சொன்னது என் காதில் விழுந்தது. சொல்லிவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. அத்தனை பேசுகிற எனக்கு அந்த நேரம் பார்த்து ஒரு வார்த்தை வரவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் நெஞ்சில் மூன்று தட்டு தட்டினேன். அவர் சிரித்துவிட்டார். முழு வரிசையும் தெரிந்தது சம்பந்தி, கடைவாய் வரைக்கும், ஒரு பல்கூடப் பழுதில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால், ஒரு கையில் தண்ணீரும் ஒரு கையில் வாயு மாத்திரையுமாக என் மனைவி நிற்கிறாள். மறு பேச்சில்லாமல் வாங்கி விழுங்கினேன்.